மெஷின் காலி என்று யார் முதலில் சொல்வது?

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனிகளுக்கும், அடுத்தவர் துணியில் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் கணக்கு எழுதித் தருவது என் தொழில். மாதந்தோறும் 11 ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், மாதத்தின் முதல் வாரம் முழுவதும் என் மேசையில் பில்களும் டெலிவரி சலான்களும் குவிந்திருக்கும். நூலை எந்த மில்லில் எடுத்தார்கள், நிட்டிங் யாரிடம் போனது, எந்தச் சாயப்பட்டறையில் துணி நனைந்தது, துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங் எங்கே ஆனது, யார் தைத்தார்கள் என்பதையெல்லாம் அந்தத் தாள்களை வரிசையாகப் புரட்டினாலே தெரிந்துகொள்ளலாம். நீண்ட காலமாக ஒரு கம்பெனியின் கணக்கில் வரும் பெயர்கள் அதிகம் மாறியதே இல்லை. மாமன் மகனின் நிட்டிங் யூனிட், சொந்த ஊர்க்காரரின் சாயப்பட்டறை, முன்பு ஒரே கம்பெனியில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்தவர் பிறகு தனியாகப் போட்ட தையல் யூனிட் என்று, பெயரைப் பார்த்தவுடன் உறவு விளங்கிவிடும். கடந்த சில ஆண்டுகளாக அப்படி விளங்காத பெயர்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. "இது யாருங்க, புதுசா இருக்குது?" என்று கேட்டால், "குரூப்புல பழக்கமுங்க" என்கிறார்கள்.

அந்தப் பதில் என்னை வெகு நாட்கள் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் நான்கு வரி பேசிய மனிதரை நம்பி, பல லட்சம் பெறுமானமுள்ள துணியை வெறும் ஒரு சலானோடு டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட முடியுமா? ஜாப் ஒர்க்கில் துணி நம்முடையது. ஆனால் அது இருப்பது வேறொருவரின் கூரையின் கீழ். சாயம் லாட்டுக்கு லாட் மாறினாலும், கட்டிங்கில் அளவு தவறினாலும், அந்தத் துணியை மீண்டும் நூலாக்க முடியாது. பெரும்பாலான வேலைகளுக்கு எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. இந்த ஊரின் தொழில் உறவுகள் இத்தனை காலமும் உறவுமுறைக்குள்ளும் ஊருக்குள்ளும் சாதிக்குள்ளும் நின்றதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். தவறு நடந்தால் கல்யாண வீட்டிலோ கோயில் நோம்பியிலோ மறுபடி அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயமே ஒப்பந்தப் பத்திரத்தின் வேலையைச் செய்தது. 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயாக இருந்த திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதிக்குப் பின்னால் இருப்பவை ஒரு சில பெரிய ஆலைகள் அல்ல. ஒரு வேலையை மட்டும் செய்து அடுத்தவருக்குக் கைமாற்றும் ஆயிரக்கணக்கான சிறிய யூனிட்டுகளே. அந்தக் கைமாற்றம் முழுவதும் நம்பிக்கையில் நடப்பது. அந்த நம்பிக்கை இப்போது எங்கே உருவாகிறது என்பதுதான் என் கேள்வி.

பேக்கரியும் டெம்போவும்

முன்பு இந்த வேலையைப் பேக்கரிகள் செய்தன. கொங்குப் பகுதியில் டீக்கடை என்றால் பேக்கரிதான். காலை பதினொரு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அங்கே நிற்பவர்களின் பேச்சைக் கேட்டால், யாரிடம் ஆர்டர் நிறைந்திருக்கிறது, யாருடைய பார்ட்டி பணம் தராமல் இழுக்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதைவிடத் துல்லியமாக அறிந்திருந்தவர்கள் துணி ஏற்றிச் செல்லும் டெம்போ ஓட்டுநர்கள். ஒரு யூனிட்டிலிருந்து இன்னொரு யூனிட்டுக்கு நாள் முழுவதும் ரோல்களை இறக்கிக்கொண்டிருப்பவருக்கு, எங்கே துணி மலையாகக் குவிந்திருக்கிறது, எங்கே மெஷின் ஓடும் சத்தமே கேட்கவில்லை என்பது உரிமையாளருக்கு முன்பே தெரியும். ஆனால் அந்த அறிவு அவர் போகும் சாலையோடு நின்றுவிடும். மங்கலம் சாலையில் நடப்பது பெருமாநல்லூர் சாலைக்கு வந்து சேர்வதற்குள் வேலை கைமாறிப் போயிருக்கும்.

2011 ஜனவரி இறுதியில், நொய்யல் மாசுபாட்டு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊர் பட்ட பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. துணியைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியூரில் எங்கே சாயம் போட முடியும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேடினார்கள். வெளியூரில் சொந்தக்காரர் உள்ளவருக்கு வழி கிடைத்தது, இல்லாதவர் காத்திருந்தார். ஒருவர் கண்டுபிடித்த பட்டறையின் பெயரை இன்னொருவரிடம் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் தன் துணிக்கு அங்கே இடம் கிடைக்காது. அதே ஊர், 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைக்கத் திரும்பியபோது வேறுவிதமாக நடந்துகொண்டது. பின்னலாடை மட்டுமே தெரிந்தவர்களுக்கு நெய்யாத துணி எங்கே கிடைக்கும், தையல் ஓட்டைகளை மூடும் சீலிங் டேப் மெஷின் யாரிடம் இருக்கிறது, கோவையில் உள்ள ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ராவில் துணிச் சோதனைக்கு எப்படிக் கொடுப்பது என்று எதுவுமே தெரியாது. ஊரடங்கில் பேக்கரியும் கிடையாது, டெம்போவும் ஓடவில்லை. எனவே கேள்விகள் எல்லாம் குரூப்புகளுக்கு வந்தன. பதில் சொன்னவர்களும் அதே வேலையைத் தேடிக்கொண்டிருந்தவர்கள்தான். நான் அறிந்தவரை, இந்த ஊரில் குரூப்புகள் வாழ்த்துப் படங்களிலிருந்து தொழிலுக்கு மாறியது அந்த மாதங்களில்தான். ஜிஎஸ்டி சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் அப்போதுதான் ஒன்றில் சேர்த்தார்கள்.

விளம்பரத்துக்கு யாரும் பதில் சொல்வதில்லை

அந்தக் குரூப்பில் இருந்து நான் முதலில் கவனித்தது இது. "அனைத்து வகை நிட்டிங் குறைந்த விலையில் செய்து தரப்படும்" என்று படத்தோடு போடப்படும் பதிவுக்கு ஒருவரும் பதில் எழுதுவதில்லை. மாறாக, "34 டயா, 24 கேஜ், லைக்ரா போடுற மெஷின் இன்னைக்கு ராத்திரி யார்கிட்டயாவது காலியா இருக்குதுங்களா?" என்று ஒருவர் கேட்டால், ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் பேசுகிறார்கள். கேள்வி குறுகலாக இருக்கும் அளவுக்குப் பதில் விரைவாக வருகிறது. டயாவும் கேஜும், அதாவது மெஷினின் விட்டமும் ஊசிகளின் நெருக்கமும், சொல்லிக் கேட்பவருக்குத் தொழில் தெரியும் என்பது முதல் வரியிலேயே விளங்கிவிடுகிறது. பதில் சொல்பவரும், "மெஷின் இருக்குதுங்க, ஆனா நூல் கோன் முழுசா இருக்கோணும், பாதிக் கோன் வேண்டாமுங்க" என்று நிபந்தனையோடு வரும்போது, அவர் எப்படி வேலை செய்பவர் என்பது குரூப்பில் உள்ள மற்ற அனைவருக்கும் தெரிகிறது. ஒரு விசிட்டிங் கார்டால் ஒருபோதும் சொல்ல முடியாத செய்தி அது.

திருப்பூரின் மொத்த விற்பனைக் கடைவீதியான காதர்பேட்டையின் கடைகளைப் பற்றி இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் வரும் காணொளிகள் வெளியூர் வியாபாரிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்திருக்கின்றன. அவற்றின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவை விற்பவரை வாங்குபவரிடம் சேர்ப்பவை. ஒரு யூனிட்டை இன்னொரு யூனிட்டோடு சேர்ப்பதற்கு இந்தச் சிறிய கேள்வி பதில்கள்தான் வேண்டியிருக்கின்றன.

இதில் எழுதப்படாத ஒரு முறையும் உருவாகியிருக்கிறது. கேள்வி பொதுவில் வரும். விலை பொதுவில் வராது. "ரேட் தனியாப் பேசிக்கலாமுங்க" என்று இருவரும் விலகிப் போவார்கள். பிறகு கேட்டவர் திரும்பி வந்து, "கிடைச்சிருச்சுங்க, எல்லாருக்கும் நன்றி" என்று ஒரு வரி போடுவார். இந்தக் கடைசி வரியைப் போடுகிறவர்களுக்கும் போடாதவர்களுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. திரும்பி வந்து சொல்கிறவரின் அடுத்த கேள்விக்கு உடனே பதில் வருகிறது. வேலை முடிந்ததும் காணாமல் போகிறவரின் கேள்வி, அடுத்த முறை, எல்லோரும் பார்த்த பின்பும் அப்படியே கிடக்கிறது. யாரும் அவரைக் குற்றம் சொல்வதில்லை, வெளியேற்றுவதும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உறவுக்காரர்களுக்குள் கல்யாண வீடு செய்த வேலையை இங்கே இந்த நினைவு செய்கிறது என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது.

அந்தச் செப்டம்பர் மாலை

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் பொதுவில் சொல்ல மாட்டார்கள். தன்னிடம் வேலை இல்லை, மெஷின் நிற்கிறது என்பதுதான் அது. ஒருவரின் மெஷின் காலி என்று தெரிந்த நிமிடமே அவருடைய ரேட் இறங்கிவிடும். ஏற்கெனவே வேலை கொடுத்தவரும், "இவருக்கு என்ன ஆச்சு, தையல் சரியில்லையோ?" என்று யோசிக்கத் தொடங்குவார். ஆகவே எத்தனை மெஷின் நின்றாலும், "லோடு இருக்குதுங்க, ஆனா உங்களுக்காக எடுத்துப் பண்ணித் தர்றேன்" என்பதே இந்த ஊரின் பேச்சு. தொழிலை நெருக்கமாகப் பார்க்கிற எவருக்கும் அந்தப் பேச்சின் பின்னால் உள்ள அச்சம் தெரியும்.

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து வாங்குபவர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்ததும், கட்டிங் வரை வந்த துணி அப்படியே நின்றது. ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குத் தைத்துக்கொண்டிருந்த யூனிட்டுகளுக்கு அடுத்த வாரத்திற்கான வேலை இல்லாமல் போயிற்று. இதே நாட்களில் ஊரின் இன்னொரு பாதியில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. உள்நாட்டுச் சந்தைக்கு உள்ளாடையும் டி-ஷர்ட்டும் செய்பவர்களுக்கு ஆண்டிலேயே அதிக வேலை உள்ள வாரங்கள் அவை; தைப்பதற்கு ஆள் போதாமல் அவர்கள் ஒன்றரை ஷிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே தெருவில் ஒரு கட்டடத்தில் மெஷின்கள் உறை போட்டு நிற்க, எதிர்க் கட்டடத்தில் இரவு பன்னிரண்டு மணி வரை விளக்கு எரிந்தது. இவர் அவரைத் தேடிப் போகவில்லை. ஏற்றுமதிக்காரர்களும் உள்நாட்டுக்காரர்களும் இந்த ஊரில் வெவ்வேறு உலகங்கள். 1956 இல் தொடங்கிய, பனியன் உற்பத்தியாளர்களின் சைமா சங்கமும், 1990 இல் தொடங்கிய ஏற்றுமதியாளர் சங்கமும் தனித்தனி. பேசும் பார்ட்டிகளும் தனித்தனி. ஒருவரின் வேலையைப் பற்றி மற்றவருக்கு உள்ள மதிப்பும் அப்படித்தான்.

செப்டம்பரில் ஒரு மாலை, பெருமாநல்லூர் சாலைப் பக்கம் யூனிட் நடத்தும் ஒருவர் குரூப்பில் ஒரு குரல் பதிவு போட்டார். அவர் டைலராக இருந்து முதலாளியானவர், தட்டச்சு செய்வதில்லை. "வணக்கமுங்க. என்ர யூனிட்டுல இருபது மெஷின் நிக்குதுங்க. ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் எல்லாம் இருக்குதுங்க. ரெண்டு வாரமா வேலை இல்லீங்க. டைலருங்க எல்லாம் ஊருக்குக் கிளம்பறேங்கறாங்க. டொமஸ்டிக் வேலையா இருந்தாலும் பரவால்லீங்க, ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க." குரலில் அழுகை இல்லை, கெஞ்சலும் இல்லை. விலாசம் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். எனக்குத்தான் கேட்டவுடன் வயிற்றில் ஏதோ செய்தது. இருபது மெஷின் என்று எண்ணிக்கையோடு, இத்தனை பேர் முன்னால், இதை ஒருவர் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு உள்நாட்டு உள்ளாடைக்காரர் ஒருவர் எழுதினார். ஆறுதல் சொல்லவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார். "பிளாட்லாக்குல எலாஸ்டிக் வெச்சுத் தைப்பீங்களா?" வந்த பதில்: "எங்ககிட்ட அதுக்கு அட்டாச்மென்ட் இல்லீங்கண்ணா." அது ஒரு தொலைபேசி அழைப்பாக இருந்திருந்தால் பேச்சு அந்த இடத்தில் முடிந்திருக்கும். இங்கே மூன்றாவதாக ஒருவர் வந்தார். அவரும் தையல் யூனிட் வைத்திருப்பவர், அதாவது முதலாமவருக்குப் போட்டியாளர். "என்கிட்ட நாலு செட் சும்மா கெடக்குதுங்க. வந்து எடுத்துக்குங்க, வேலை முடிஞ்சதும் குடுங்க." அதற்குப் பிறகு நடந்ததுதான் என் எண்ணத்தை மாற்றியது. ஒருவர் பின் ஒருவராக, "எங்ககிட்டயும் பத்து மெஷின் நிக்குதுங்க", "எனக்குச் செக்கிங் டேபிள் காலிங்க", "அயர்னிங் ஆள் இருக்காங்க" என்று எழுதத் தொடங்கினார்கள். அதுவரை ஒவ்வொருவரும் மறைத்து வைத்திருந்ததை, ஒருவர் சொல்லிவிட்டார் என்பதாலேயே மற்றவர்களும் சொன்னார்கள். எல்லோருடைய மெஷினும் நிற்கிறது என்று தெரிந்துவிட்டதால், நிற்பதில் தனிப்பட்ட அவமானம் இல்லாமல் போனது. இவருடைய தையலில்தான் ஏதோ குறை என்று எவரும் நினைக்க இடமும் இல்லை. இரவு பத்து மணிக்குள் ஊரின் இரண்டு பாதிகளுக்கும் இடையில் குறைந்தது ஏழெட்டுப் பேச்சுகள் தனியே தொடர்ந்துகொண்டிருந்தன.

அந்த மூன்றாமவர் ஏன் பேசினார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நல்ல மனம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம், அது உண்மையும்கூட. ஆனால் நல்ல மனம் அவருக்கு அன்றைக்குப் புதிதாக வந்திருக்காது. நாலு செட் அட்டாச்மென்ட் தன் அலமாரியில் கிடப்பதும், அது தேவைப்படும் ஒருவர் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதும் ஒரே நேரத்தில் அவர் கண்முன் வந்தது அன்றைக்குத்தான். இரண்டு பேர் பேசிக்கொள்வதை வேறு பலர் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் இப்படி மூன்றாவது கை நீள முடியும்.

சனிக்கிழமை

உள்ளாடைக்காரர் என் வாடிக்கையாளர். குரல் பதிவு போட்டவரின் பெயர் அவர் கணக்கில் புதிதாக வந்ததும் வழக்கம்போல ஜிஎஸ்டி தளத்தில் அந்த யூனிட்டின் எண்ணைப் போட்டு, எப்போது பதிவானது, ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கலாகிறதா என்று பார்த்தேன்; எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அந்த உறவு நிற்குமா என்பதை முடிவு செய்யப்போவது அந்தத் தளம் அல்ல, சனிக்கிழமைதான் என்று எனக்குத் தெரியும். திருப்பூரில் டைலர்களுக்குக் கூலி வாரக் கூலி. சனிக்கிழமை மாலை கொடுத்தாக வேண்டும். சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டும் நல்ல சட்டங்கள். ஆனால் 45 நாட்களுக்குள் ஆறு சனிக்கிழமைகள் வந்து போகும். மேலும், வேலை கொடுத்தவர் மீது புகார் கொடுத்துவிட்டு அடுத்த வேலையையும் அவரிடமே கேட்க எந்தத் தையல் யூனிட்டாலும் முடியாது.

இதனால்தான் குரூப்பில் வரும் இன்னொரு வகைக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது: "இந்தப் பார்ட்டி எப்படிங்க?" இதற்குப் பொதுவில் யாரும் குறை எழுதுவதில்லை. நல்லவராக இருந்தால் உடனே, "தைரியமாப் பண்ணுங்க" என்று மூன்று பேர் சொல்வார்கள். அப்படி இல்லையென்றால் ஒரே ஒருவர், "நான் கூப்பிடறேனுங்க" என்பார். அந்த ஒரு வரியைப் படித்த எல்லோருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். இதில் ஆபத்தும் இருக்கிறது. உண்மையாகவே ஒரு மாதம் மட்டும் தடுமாறியவரை, அந்த ஒரு வரி ஒரு வருடம் முடக்கிவிடக்கூடும். அவர் தன் பக்கத்தைச் சொல்ல இடமே இல்லை, ஏனென்றால் அவர் மீது யாரும் எதுவும் சொல்லவில்லை. இந்த அநீதி நடந்து நான் பார்த்திருக்கிறேன். இதற்கு எளிய தீர்வு எதுவும் என்னிடம் இல்லை. இருந்தாலும், சட்டம் வந்து சேர முடியாத இடத்தில், வேலை எடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள ஒரு சிறு யூனிட்டுக்கு வேறு வழி கிடையாது.

உள்ளாடைக்காரரும் குரல் பதிவு போட்டவரும் பேசிக்கொண்டது சனிக்கிழமைதோறும் பாதிப் பணம், மீதி சரக்கு போன பிறகு. அப்படியே நடந்தது. தீபாவளிக்குப் பிறகும் வேலை தொடர்கிறது. அன்று மாலை தொடங்கிய மற்றப் பேச்சுகளில் சில பாதியில் நின்றன. ஏற்றுமதித் தையலுக்குப் பழகிய கை உள்நாட்டு ரேட்டுக்கு வேகம் பிடிக்க முடியாமல் திரும்பியவர்கள் உண்டு. அளவுத் தாளே இல்லாமல் ஒரு மாதிரிப் பீஸை மட்டும் கொடுத்துத் தைக்கச் சொன்னதில் குழம்பியவர்களும் உண்டு. அப்படிப் பிரிந்தவர்களும் இன்று ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

பிரிக்க வேண்டாம்

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் 2016 முதல் பல ஆண்டுகள் 256 பேர் வரைதான் இருக்க முடிந்தது. 2022 இல் அது 512 ஆகி, அதே ஆண்டிலேயே 1,024 ஆனது. எங்கள் குரூப்பும் அதற்கேற்ப வளர்ந்துவிட்டது. முகம் தெரியாதவர்கள் கூடியிருக்கிறார்கள், நூல் விலை பற்றிய வதந்திகள் மாதத்தின் முதல் தேதியில் பறக்கின்றன, தேவையானது எது என்று தேடுவதே சிரமமாகிவிட்டது. ஆகவே ஏற்றுமதிக்கு ஒன்று, உள்நாட்டுக்கு ஒன்று, சாயம் காம்பாக்டிங்குக்கு ஒன்று என்று பிரித்துவிடலாம் என அட்மின்கள் யோசிக்கிறார்கள். ஒழுங்குக்காகச் சொல்லப்படும் யோசனைதான். அவர்களின் சிரமமும் உண்மையானது.

ஆனால் நான் இதை ஏற்கவில்லை, அவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். அப்படிப் பிரித்திருந்தால் அந்தச் செப்டம்பர் மாலையில் அந்தக் குரல் பதிவைக் கேட்டிருப்பவர்கள் எல்லோரும் தங்கள் மெஷினும் நின்றுகொண்டிருந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஒரே தொழில் செய்பவர்கள் மட்டும் கூடும் இடத்தில் ரேட்டைப் பற்றிப் பேசலாம், அரசுக்கு மனு எழுதலாம். அதற்குச் சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வேலை உள்ளவரும் வேலை இல்லாதவரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் வேலை கைமாறும். வதந்தியைத் தடுக்க வேண்டுமானால் நூல் விலையை மில்லின் கடிதம் இல்லாமல் போடக்கூடாது என்று விதி வைக்கலாம். புதிதாக வருபவரை உள்ளே இருக்கும் இருவர் அறிமுகம் செய்ய வேண்டும் என்று வைக்கலாம். தன் பெயரில் யூனிட் நடத்தியும் கணவரின் எண்ணிலிருந்து மட்டுமே பேசவேண்டியிருக்கும் பெண்கள் என் வாடிக்கையாளர்களிலேயே பலர் இருக்கிறார்கள். அவர்களை அவர்களுடைய எண்ணிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வெளிமாநிலத்திலிருந்து வந்து, இப்போது இங்கே சொந்தமாகப் பத்து மெஷின் போட்டிருப்பவர்கள் இந்தியில் குரல் பதிவு போட்டால் அதைத் தமிழில் சொல்ல ஒருவரை அட்மினாக வைக்கவும் கேட்டிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அட்மின்கள் கூடிப் பேசுகிறார்கள். குரல் பதிவு போட்டவரையும் அட்டாச்மென்ட் கொடுத்தவரையும் அந்தப் பேச்சுக்கு அழைக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.